அம்மனிடம் கேட்ட படிப்பு

ப்ளஸ் டூ படித்த வருஷம், ஒரு மார்கழிச் சாயங்காலம் கீர்த்திகா ஸ்வெட்டர் இல்லாமல் வீட்டுக்கு வந்தாள். வெளியே பனி கொட்டுகிறது, பிள்ளைக்கு உதடெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. ஸ்வெட்டர் எங்கே என்று அம்மா கலா கேட்டதற்கு, பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்றாள். புது ஸ்வெட்டர் அது. கலா வாய்க்கு வந்தபடி திட்டினாள். மகள் அடுப்போரம் குத்தவைத்துக் கையை நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டே அத்தனையையும் கேட்டுக்கொண்டாள்.

சில நாள் கழித்து, எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் புவனாவின் அம்மா துவைத்து மடித்த ஸ்வெட்டரோடு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பஸ்ஸுக்கு நிற்கையில் புவனாவுக்குத் துணியில் கறையாகிவிட்டது. பையன்கள் பார்ப்பதற்குள் கீர்த்திகா தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டிவிட்டிருக்கிறாள். வகுப்பில் கீர்த்திகாவை 'படிப்ஸு, படிப்ஸு' என்று கேலி செய்கிறவர்களில் அந்தப் புவனாதான் முதல் ஆள்.

"ஏங்கண்ணு, எங்கிட்டச் சொல்லியிருந்தா நாந் திட்டியிருப்பனா?"

"அது அவ சமாச்சாரமுங்கம்மா. நா எப்படி வெளிய சொல்றது?"

கலாவுக்கும் சின்னராஜுக்கும் கீர்த்திகா ஒரே பிள்ளை. ஏற்காட்டு மலையில் தலைச்சோலை என்ற ஊரில் கொஞ்சம் காபி, மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, நாலு பலா மரம், இதுதான் சொத்து. கலா ஐந்தாவதோடு நின்றவள். மகள் படிக்கும் கணக்கு அவளுக்கு ஒரு வரிகூடப் புரியாது. ஆனால் படிக்கும்போது மகளின் முகம் தெரியும். சன்னதியில் கற்பூரம் காட்டும் நேரத்தில் சிலர் முகம் தெளிந்து நிற்குமே, அப்படி இருக்கும். அந்த முகத்தைக் கலைக்க மனசு வராமல், சாப்பிடக் கூப்பிட வந்தவள் கதவோரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதுண்டு.

மற்றவர்களுக்கு அந்த முகம் பிடிக்கவில்லை. கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்து புத்தகம் பார்த்தால் திமிர் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரே ஒருநாள் சலித்துக்கொண்டார். "பரீட்சைக்கு வர்றத எழுது சாமி. அது ஏன் அப்படி வருதுன்னு நீ எதுக்குக் கேட்டுட்டு இருக்கற?" கீர்த்திகா அதற்குப் பிறகு வகுப்பில் கேட்பதை விட்டுவிட்டாள். லீவு நாளில் காபி காயப்போடும் சிமெண்ட் களத்தில் கரித்துண்டால் கோடும் வட்டமுமாகப் போட்டு, தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். வழியில் போன யாரோ அதைப் பார்த்துவிட்டு, சின்னராஜ் களத்தில் சூனியக் கட்டம் போட்டிருக்கிறது என்று கிளப்பிவிட்டார்கள். கலா வாளித் தண்ணீரை ஊற்றிக் களத்தைக் கழுவினாள். கீர்த்திகா துடைப்பத்தை எடுத்து வந்து கூடச் சேர்ந்து தேய்த்தாள்.

சேலத்தில் காலேஜ் முடித்து வந்தபோது, மேலே படிக்க மெட்ராஸில் இடம் கிடைத்திருந்தது. அப்போதுதான் சின்னராஜின் அக்கா பாவாயி பாக்கு வெற்றிலையோடு வந்தாள். தன் மகன் ஜெயபிரகாஷுக்குப் பெண் கேட்டு.

"நர்ஸுக்குப் படிச்சா ஊசி போடுவா. போலீஸுக்குப் படிச்சா ஜீப்புல வருவா. கணக்க இன்னும் படிச்சு இவ என்ன, மழைத்துளிய எண்ணப் போறாளா?" என்றாள் பாவாயி.

பாவாயி கெட்டவள் இல்லை. ஜெயபிரகாஷை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தவள் அவள். அவன் எங்கெங்கோ அலைந்து வேலை கிடைக்காமல் திரும்பி, மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறான். "இன்ஜின இப்பத்தான் ஒழுங்காப் படிக்கறான்" என்று ஜீப்பில் ஏறுகிறவர்கள் சிரிப்பார்கள். பெற்றவள் அந்தச் சிரிப்பைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நா அனுப்பிச்சேன், எம் புள்ள பாதியாத் திரும்பி வந்தான். உம் புள்ளயாவது முழுசா இருக்கட்டும் தம்பி" என்றாள் சின்னராஜிடம்.

சின்னராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவை எதிர்த்து அவர் பேசியதே இல்லை. கலாதான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, அம்மனையே கேட்டுருவமுங்க."

பூக் கேட்பது அங்கே எல்லா வீட்டிலும் உண்டு. வெள்ளை அரளியை ஒரு பொட்டலமாகவும் சிவப்பு அரளியை ஒரு பொட்டலமாகவும் இலையில் மடித்து மாரியம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. கலா செவ்வாய் வெள்ளி தவறாமல் அம்மனுக்கு விளக்குப் போடுகிறவள். தன் பிள்ளைக்கு வெள்ளைதான் வரும் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகமும் இல்லை.

"வேண்டாங்கம்மா" என்றாள் கீர்த்திகா.

"அம்மன் என்னைக்குக் கண்ணு நம்மளக் கைவிட்டிருக்கறா?"

கீர்த்திகாவை மேலே படிக்க அனுப்பலாமா என்று அம்மனைக் கேட்க, வெள்ளிக்கிழமை ஊரே கூடியது. பக்கத்து வீட்டுக் கண்ணம்மாளின் மகள், இன்னும் பள்ளிக்கூடம் சேராத குட்டி, பொட்டலத்தை எடுத்துப் பூசாரி கையில் கொடுத்தாள். பிரித்தார். சிவப்பு.

பாவாயி கெக்கலிக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். "எந் தம்பி புள்ளய ஊட்டோட வெச்சுட்ட தாயே" என்றாள்.

திரும்பி வரும் வழியில் கீர்த்திகா மெதுவாகத்தான் சொன்னாள். "ரெண்டு பொட்டலமுங்கம்மா. அந்தக் கொழந்த கையி இன்னொரு பக்கம் போயிருந்தா நா படிக்கப் போயிருப்பேன். அவ்வளவுதானுங்களே?"

பாவாயி காதில் விழுந்துவிட்டது. "பாத்தியா கலா? அம்மன் வாக்கையே எதுத்துப் பேசறா. இதுதான் இவ படிச்சது!"

கலா மகளைக் கன்னத்தில் அறைந்தாள். பிறந்ததிலிருந்து அடித்ததில்லை.

அதற்குப் பிறகு கலாவுக்குச் சன்னதியில் நின்றாலும் நெஞ்சு அடங்கவில்லை. அம்மன் மேல் குறை சொல்ல அவளால் முடியாது. அம்மன் வேண்டாமென்றது படிப்பையா, பதிலை மனசில் வைத்துக்கொண்டு போய்க் கேட்ட தன் மமதையையா? யோசிக்க யோசிக்க, தான் கேட்ட விதமே தப்போ என்று தோன்றியது. பூசாரியிடம் போய் நின்றாள்.

"மறுக்கா ஒருக்கா கேக்கலாமுங்களா?"

"வேணுங்கற பூ வர்ற வரைக்கும் கேட்டுட்டே இருக்கறதுக்கு இது என்ன கடையா ஆத்தா?" என்றார் அவர்.

கல்யாணத்துக்கு நாள் பார்க்கத் தொடங்கினார்கள். கீர்த்திகா சொன்ன வேலையைச் செய்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். களத்துப் பக்கம் போவதில்லை. மெட்ராஸில் சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் கலா கொல்லையில் பலாக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் கண்ணம்மாள் தன் குட்டியைச் சிலேட்டோடு உட்கார வைக்கப் பாடாய்ப் பட்டுக்கொண்டிருந்தாள். குட்டி சிலேட்டைத் தள்ளிவிட்டது.

"படிச்சா அம்மனுக்கு ஆகாதும்மா. நாந்தான பூ எடுத்தேன்!"

கண்ணம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கேட்டீங்களா கலாக்கா, இந்த வாய!"

கலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு தாய் தன் பிள்ளைக்காகக் கேட்டது ஊர்ப் பிள்ளைகள் தலையில் எல்லாம் அம்மன் பேரால் இறங்குகிறதே என்று பட்டது. வெகுநேரம் சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, அலமாரி மேலிருந்த மகளின் பையை இறக்கித் தூசி தட்டினாள்.

மறுநாள் காலை அந்தப் பையோடு தாயும் மகளும் வாசலைத் தாண்டியபோது சின்னராஜ் களத்தில் நின்றிருந்தார். தடுக்கவில்லை.

"அக்காவுக்கு நா என்ன பதில் சொல்லட்டும்?"

"நாஞ் சொல்லிக்கறேனுங்க. தப்பு எம் மேலயே இருக்கட்டும்."

மெயின் ரோட்டில் வந்து நின்ற முதல் ஜீப் ஜெயபிரகாஷுடையது. பையைப் பார்த்தான், கீர்த்திகாவைப் பார்த்தான்.

"ஏறு. எங்கம்மா கேட்டா வேற ஜீப்புன்னு சொல்லிக்கறேன்" என்றான்.

அதோடு பாவாயி தம்பி வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அடுத்த திருவிழாவில் கலா பொங்கல் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் யாரும் அடுப்புக் கூட்டவில்லை. காபிக்கு நோய் வந்தாலும், மழை தப்பினாலும், அம்மன் சொல்லை மீறிய வீடு என்று யாராவது ஒருவர் சொல்லத்தான் செய்கிறார்கள். கீர்த்திகா போனில் பேசுகிறாள். படிப்பு நன்றாகப் போகிறது என்கிறாள், அப்பா சாப்பிட்டாரா என்று கேட்கிறாள். திருவிழா நோம்பிக்கு வா கண்ணு என்றால் பார்க்கிறேன் என்கிறாள். இதுவரை வரவில்லை. கலா இன்றைக்கும் செவ்வாய் வெள்ளி விளக்குப் போடப் போகிறாள். கைகூப்பி நிற்கிறாள், மகள் பெயர் வாய்வரை வருகிறது, விழுங்கிக்கொள்கிறாள்.

அன்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபின் கீர்த்திகா குனிந்து, கீழே நின்ற அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னது இதுதான்:

"கோயிலுக்குப் போறத உட்றாதீங்கம்மா. எனக்காக மட்டும் அங்க இனி ஒண்ணும் கேக்காதீங்க."