செக்போஸ்டில் நிற்காத டிரைவர்

நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் எழுதிப் பராமரிக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: எல்லாம் ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் இப்படி ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. நெட் நின்றதும் பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு வானத்தைப் பார்க்கிற என் சக பாவப்பட்டவர்களே, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் தப்புகளில் சில என்னுடையவை. போடிநாயக்கனூரில் மாடி அறையில் உட்கார்ந்து, நல்ல தெளிவோடு நான் செய்தவை.

என்ன வண்டி?

ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் சிலமலைப் பெரியப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன சோலி பாக்குற ஆத்தா?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர்ல டிரைவர் வேலை பெரியப்பா" என்றேன். "லோடு வண்டியா, ஆளேத்துற வண்டியா?" என்றார்.

ரசம் வருவதற்குள் விளக்கிவிடலாம் என்று துணிந்தேன். வெளியிலிருந்து வருகிற தகவலெல்லாம் சின்னச் சின்னப் பொட்டலமாக நெட்வொர்க் கார்டில் வந்து இறங்கும். வழக்கமாக, கம்ப்யூட்டரின் மையத்தில் இருக்கிற கெர்னல் அதை வாங்கிச் சோதித்துத்தான் உள்ளே விடும். பத்திரம், ஆனால் தாமதம். என் டிரைவர் கெர்னலைக் கேட்காது. சாதாரண புரோகிராம் மாதிரி ஓடி, கார்டிலிருந்து தானே நேராக எடுத்துக்கொண்டு போய்விடும். வேகம் கிடைக்கும், வழியில் என்ன ஆனாலும் பொறுப்பு நம் தலையில். பெரியப்பா அப்பளத்தை நொறுக்கியபடியே யோசித்தார்.

"செக்போஸ்ட்டுல நிக்காம குறுக்குப் பாதையில போற வண்டி. சரி, வெளிய சொல்லாத ஆத்தா."

நூறு

என் டிரைவர் ஓடுவது சிக்கந்தர் அண்ணனின் பெட்டிகளில். போடியில் கடை வைத்து, ஊருக்கும் மலைமேல் இருக்கிற ஏலத் தோட்டங்களுக்கும் நெட் கொடுக்கிறவர். ஒருநாள் காலையில் கூப்பிட்டார். பெட்டியில் நாலு பிராசசர் இருக்க, அதில் ஒன்று எப்போது பார்த்தாலும் நூறு சதவீதம் காட்டுகிறதாம். போய்ப் பார்த்தால், பெட்டிக்கு எதிரே மேஜை விசிறி சுழன்றுகொண்டிருக்கிறது. மேலே ஈரத்துணி போடலாமா என்று வேறு கேட்டார்.

வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிட்டு விளக்கினேன். இந்த வகை டிரைவர் பொட்டலம் வந்தால் எழுப்பு என்று தூங்கப் போகாது. வந்ததா, வந்ததா என்று கார்டை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் கடைக்கு ஒருவரும் வராத ஞாயிற்றுக்கிழமையிலும் அது நூறுதான். அண்ணன் விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுச் சொன்னார்.

"சோலியே இல்லாதப்பவும் நூறு சதவீதம் உழைக்கிற ஆள என் கடையில நான் பாத்ததில்லம்மா. அதான் பயந்துட்டேன்."

ஒரே ஒரு பிளக்

குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத் தோட்டத்தில் இருக்கும் பெட்டியில் இரண்டு கார்டுகள். ஒன்று வாடிக்கையாளர்களுக்கு. இன்னொன்று, நான் வீட்டிலிருந்து உள்ளே நுழைவதற்கு. புது டிரைவரை ஏற்றுவதற்காகப் பழையதை நிறுத்திவிட்டு, முதல் கார்டைக் கெர்னலிடமிருந்து பிரித்துப் புது டிரைவரிடம் ஒப்படைக்க வேண்டும். நான் கார்டின் எண்ணை மாற்றி அடித்து இரண்டாவது கார்டைப் பிரித்துவிட்டேன். அதாவது, நான் எந்த வாசல் வழியாக உள்ளே போயிருந்தேனோ அந்த வாசலையே. திரை அப்படியே உறைந்துவிட்டது. தோட்டத்துக்கு நெட் இல்லை, எனக்கும் வழி இல்லை.

மானிட்டரையும் கீபோர்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். பள்ளத்துக்குப் பள்ளம் மானிட்டர் என் முகவாயில் இடித்தது. மேலே தோட்டத்து சூப்பர்வைசர் அறையைத் திறந்துவிட்டார். இடுக்கிப் பக்கத்துக்காரர், பேச்சில் பாதி மலையாளம், 'போதும்' என்பதற்கு 'மதி' என்பார். அங்கே இருந்தது ஒரே ஒரு பிளக். நான் கீபோர்டின் வயரைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் மானிட்டருக்கு இடம் வேண்டுமே என்று அவர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். நான் பதறியதும் திரும்பச் சொருகினார். பெட்டி புதிதாகக் கிளம்பியது, இரண்டு கார்டும் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன, நெட் வந்துவிட்டது. நான் அடித்த கட்டளை அணைத்துப் போட்டால் அழிந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். நினைவுக்குத்தான் வரவில்லை. அவர் என்னையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது மாத்திரம் மதின்னா போன்ல பறஞ்சிருந்தா நானே செஞ்சிருப்பேனே, சேச்சி."

காலிச் சாக்கு

இது சொல்லவே கூசுகிற கதை. ஒரு மழைக்காலத்தில், மலைமேல் மழை வலுத்தால் சில மணி நேரத்தில் நெட் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் வரும். மழைக்கும் மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம்? "வெளி கேபிள்ல தண்ணி இறங்குதுண்ணே, ஜாயின்ட் சரியில்ல" என்று சிக்கந்தர் அண்ணனிடம் அடித்துச் சொன்னேன். கேபிள் வேலை பார்ப்பவர் பாண்டி. பத்து வருஷமாக அண்ணனிடம் இருக்கிறவர். கொட்டுகிற மழையில் கம்பத்தில் ஏறி ஜாயின்ட்டைப் பிரித்துக் கட்டினார். மறுபடி நின்றது. மறுபடி ஏறினார். மூன்றாவது தடவை சறுக்கி முழங்கால் பெயர்ந்துவிட்டது. அண்ணன் வேறு ஆள் தேடப்போவதாகச் சொன்னதும் என் காதுக்கு வந்தது. அப்போதும் நான் ஜாயின்ட் என்றுதான் சொன்னேன்.

மனசு கேட்காமல் ஒரு மத்தியானம் என் டிரைவரை வரி வரியாகப் படித்தேன். டிரைவரிடம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் காலிச் சாக்குகள் மாதிரி நினைவிடங்கள் இருக்கும். வருகிற பொட்டலத்தை ஒரு சாக்கில் வாங்கி, வேலை முடிந்ததும் சாக்கைத் திருப்பி வைக்க வேண்டும். ஈரத்தில் சில பொட்டலங்கள் சிதைந்து வருவது எல்லா ஊரிலும் சகஜம். சிதைந்ததை என் டிரைவர் தள்ளிவிட்டது, சாக்கைத் திருப்பி வைக்கவில்லை. மழை நீள நீளப் பெட்டிக்குச் சாக்கு தீர்ந்துபோனது. எனக்குத்தான் சாக்குக்குக் குறைவே இல்லை. அந்த இடத்துக்கு மேலே, 'இப்படி நடக்க வாய்ப்பில்லை' என்று நானே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தேன்.

சத்தமில்லாமல் திருத்தி ஏற்றிவிடலாம் என்று ஒரு முழு நிமிஷம் நினைத்தேன். பிறகு கடைக்குப் போய், அண்ணன் முன்னாலேயே பாண்டியிடம் சொன்னேன்: "ஜாயின்ட்ல ஒண்ணுமில்ல பாண்டி. தப்பு என்னோடது. அண்ணே, இவரை அனுப்பிராதீங்க." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பாண்டி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், முழங்காலில் கட்டு. "எத்தன வரிக்கா மாத்துனீங்க?" என்று கேட்டார். "ஒரு வரி" என்றேன். பாண்டி முழங்கால் கட்டைத் தடவிக்கொண்டார்.

"அந்த ஒரு வரிக்கு நான் மூணு தடவ கம்பத்துல ஏறியிருக்கேன்க்கா."

அடுத்த மழை

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் மலை கறுத்தது. திரும்பி வருகிற சாக்குகளின் எண்ணிக்கையைத் திரையில் பார்த்தபடி நகராமல் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. பாண்டியின் நம்பர். நின்றுவிட்டதா என்று கேட்க வாய் வராமல் எடுத்தேன்.

"மேல நல்ல மழைக்கா. நான் வீட்டுல காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கேன். சும்மா, சொல்லலாம்னு."

இத்தனை வருஷத்தில் நான் கண்டுபிடித்த தப்புகளில் முக்கால்வாசியைச் செய்தவளும் நானே என்பதால், இந்தத் தொழிலில் எனக்கு வேலை இல்லாமல் போய்விடுமோ என்கிற கவலை மட்டும் வந்ததே இல்லை.