பாட்டை நிறுத்திய ஜப்பான் அடைக்கலம்

1948 சித்திரையில் அறந்தாங்கி ஸ்டேஷனில் தகரப் பெட்டியோடு இறங்கிய அடைக்கலத்தை அழைத்துப்போக யாரும் வரவில்லை. பதினோரு வருடத்துக்கு முன், ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர் அவர். கூடவே அதே தெருவைச் சேர்ந்த நாகராசுவும் போனார். ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்ததும், ரயில் பாதை போடுவதற்காக இருவரையும் சயாம் காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். நாகராசு அங்கேயே இறந்துபோனார். அடைக்கலத்தின் தாயும் தகப்பனும் இங்கே இறந்திருந்தார்கள். அந்தச் செய்திகூட அவருக்கு ஊர் எல்லையில்தான் கிடைத்தது.

மறுநாள் நாகராசுவின் மனைவி பிரகதாம்பாள் வந்து கேட்டபோது, “காய்ச்சல்ல போயிட்டாரு தங்கச்சி” என்று மட்டும் சொன்னார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கூலிக்குக் கடலை ஆயப் போய்விட்டாள்.

அடைக்கலம் ஆலங்குடியில் ஒரு டீக்கடையில் வேலைக்கு நின்றார். ஒருநாள் கிளாஸ் கழுவும்போது ஏதோ ஞாபகத்தில் ஒரு ஜப்பான் பாட்டைப் பாடினார். நல்ல குரல், கனமில்லாமல் மேலே ஏறும் குரல். கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அர்த்தம் என்னவென்று ஒருவர் கேட்டதற்கு, தனக்கும் தெரியாது என்றார். ‘சப்பான்’ என்ற பேர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

நாடகக் குழு வைத்திருந்த சிவசாமி சந்தை நாளில் அதைக் கேட்டுவிட்டு, கையோடு அழைத்துப் போனார். காட்சிக்குக் காட்சி நடுவில் திரைக்கு முன்னால் வந்து பாட வேண்டும், அவ்வளவுதான் வேலை. நோட்டீஸில் ‘ஜப்பான் சங்கீதம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். கந்தர்வகோட்டை, கீரமங்கலம், திருமயம் என்று போன இடமெல்லாம் அந்த ஒரு பாட்டுக்காகவே கூட்டம் வந்தது. ராஜபார்ட்டைவிட இவருக்குத்தான் கைதட்டல் அதிகம். இரண்டு வருடம் அப்படி ஓடியது. ஆட்கள் சுற்றி இருந்தார்கள். பேச்சுத் துணை என்று யாரும் இல்லை. பாட்டு முடிந்ததும் வேஷக்காரர்களோடு உட்காராமல், இலையை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிடுவார்.

1951-இல் சொந்த ஊர்த் திருவிழாவிலேயே நாடகம் வைத்தார்கள். மறுநாள் காலை, குழுவினர் படுத்திருந்த பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பிரகதாம்பாள் தேடி வந்தாள்.

“அண்ணே, அந்தப் பாட்ட எங்கிட்டு இருந்து படிச்சீங்க?”

அடைக்கலம் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “சயாம் காட்டுல. அங்க ஒரு ஆபீசர் கிராமபோன் வச்சிருந்தான். நான் ஒருவாட்டி கேட்டதத் திருப்பிப் பாடினேன். அவனுக்குப் பிடிச்சுப் போச்சு. சாயங்காலமானா பாடச் சொல்லுவான். சமையக்கட்டுல வேலை போட்டுக் குடுத்தான்.”

“அவரு?”

“கட்டை தூக்குனாரு.”

“அவரு கட்டை தூக்கையில நீங்க பாடிக்கிட்டு இருந்தீங்க.”

“ஆமா தங்கச்சி.”

அவள் திட்டவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலம் சிவசாமியிடம் போய், இனிமேல் பாட மாட்டேன் என்றார் அடைக்கலம்.

“பாட்டில்லாம நாடகத்துல ஒனக்கு என்னப்பா வேலை இருக்கு?”

“நிக்கிற வேலை எதுனாச்சும் குடுங்க.”

சிவசாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் வாயில் காப்போன் வேஷம் கொடுத்தார். பிறகு தூதுவன், கிழட்டு மந்திரி, பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன். வசனம் கொஞ்சம்தான். ஆனால் அந்தத் தகப்பன் வேஷத்தில் அவர் கையைத் தொங்கவிட்டபடி நிற்பதைப் பார்த்துப் பெண்கள் அழுதார்கள். பாட்டு கேட்டு வந்த கூட்டம் குறைந்தது. நடிப்புக்கென்று வேறு கூட்டம் மெல்ல வந்தது. அடுத்த பத்து வருடம், நாற்பது வயதுகூட ஆகும் முன்பே, கிழவனாக நடித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புதுக்கோட்டையில் பல குடித்தனங்கள் இருந்த ஒரு ஸ்டோர் வீட்டில் ஓர் அறை. வெளியூர் போகாத நாளில் அதற்குள்ளேயே இருப்பார்.

1961-இல் சென்னையிலிருந்து ஒரு படக் கம்பெனி ஆள் வந்தார். மலாயாவில் நடக்கும் கதை; ஜப்பான் ஆபீசராக நடிக்க, அவர்களைப் பார்த்துப் பழகிய ஆள் வேண்டுமாம். அடைக்கலம் மூன்று நாள் யோசித்துவிட்டு ரயிலேறினார்.

அவருக்குத் தெரிந்த ஜப்பான் பேச்சு இருபது முப்பது வார்த்தைதான், எல்லாம் அதட்டல். அது போதும் என்றார் டைரக்டர். தொப்பியும் பூட்சும் போட்டு விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தியதும், அடைக்கலம் யாரும் சொல்லித்தராத ஒன்றைச் செய்தார். கூலியாக நடித்தவனிடம் போய்த் தலையைச் சாய்த்து, அன்பாக விசாரிப்பதுபோல மெல்லப் பேசினார். அவன் பதில் சொல்ல நிமிர்ந்தபோது அறைந்தார். காட்சி முடிந்ததும் அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “வலிச்சிருச்சா தம்பி?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

படம் புதுக்கோட்டைக்கு வந்தது. தெருவில் பிள்ளைகள் அவரைக் கண்டு ஓடினார்கள். பெரியவர்கள் சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள், ஆனாலும் ஓரடி தள்ளி நின்றார்கள்.

ஒரு மத்தியானம் பிரகதாம்பாள் பஸ் பிடித்து வந்து அவருடைய அறை வாசலில் நின்றாள். தலை நரைத்திருந்தது.

“படம் பார்த்தேண்ணே. மூணுவாட்டி பார்த்தேன்.”

“உள்ள வா தங்கச்சி.”

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். “அந்த ஆபீசரு அப்படித்தான் இருப்பானா?”

“அப்படித்தான்.”

“எங்க வீட்டுக்காரரையும் அடிச்சானா?”

“அடிச்சான். ரெண்டுவாட்டி நானே பார்த்தேன்.”

“சாகையில பக்கத்துல யாரு இருந்தா?”

“காலராக் கொட்டகைக்குள்ள யாரையும் விட மாட்டாங்க. நான் போகணும்னு கேக்கவும் இல்ல. பயந்துக்கிட்டுச் சமையக்கட்டுலயே இருந்துட்டேன்.”

பிரகதாம்பாள் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “காய்ச்சல்னு சொன்னீங்களே” என்றாள். அவர் பானைப் பக்கம் போனார். அவர் மொண்டு கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு, “வாரேண்ணே, நாலு மணி பஸ்ஸு போயிரும்” என்று எழுந்தாள்.

அதன்பின் அடைக்கலம் இன்னும் இரண்டு படத்தில் நடித்தார், இரண்டிலும் போலீஸ்காரர். அடுத்த படத்துக்குக் கூப்பிட்டபோது போகவில்லை. சிவசாமியின் குழுவிலேயே இருந்துவிட்டார். ஆலங்குடிப் பக்கம் நாடகம் வைத்தால் பிரகதாம்பாள் வருவாள். பெண்கள் பக்கத்தில் கடைசியாக உட்கார்ந்து பார்ப்பாள். முடிந்ததும் அவரிடம் வந்து, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பாள். அவர் சாப்பிட்டேன் என்பார். அவள் தலையாட்டிவிட்டு, ஊருக்குப் போகும் பெண்களோடு சேர்ந்து நடப்பாள்.