அறுபது வைத்த கை

மகள் வேலைக்காக வெளிநாடு கிளம்பியது ஒரு புதன்கிழமை காலை. பெட்டியை டாக்சியில் ஏற்றிவிட்டு அம்மா வாசலில் காத்து நின்றாள். உள்ளே போனவள் வரக் காணோம்.

"என்னடி இவ்வளவு நேரம்?"

"அப்பா கைய விடமாட்டேங்குறாரும்மா," என்று கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

வீடு வீடாகச் சோலார் பலகையும் பேட்டரியும் மாட்டுவது அம்மாவின் தொழில். ஊருக்கே அவள் 'பேட்டரி அக்கா'. மாட்டும் வீடுகளிலெல்லாம் 'இருப்பை', அதாவது அவசரத்துக்கென்று ஒதுக்கும் அளவை, பத்து சதவீதத்தில் வைப்பாள். பேட்டரி அதுவரை இறங்கலாம். பிறகு மற்றதெல்லாம் அணைந்து, அவசியமான ஒன்று மட்டும் ஓடும். தன் வீட்டில் மட்டும் அறுபது. நுரையீரல் கெட்டுப் படுத்திருந்த கணவரின் ஆக்சிஜன் மிஷினுக்காக. அதனால் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் விளக்கும் மின்விசிறியும் நின்றுவிடும். அவருடைய மிஷின் மட்டும் உறுமும். அவள் அட்டையால் விசிறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை மழைக்காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனது. "அறுபது இருக்கு, சாயங்காலம் வரைக்கும் தாங்கும்," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அவர் சிரித்தபடி தலையாட்டினார். மூன்று மணிக்குத் திரும்பியபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. மிஷின் நின்றிருந்தது. அவரும்தான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் போனபின் பேட்டரியின் திரையைப் பார்த்தாள். இருப்பு: பத்து.

ஊருக்கெல்லாம் பத்து வைத்துப் பழகிய கை, வீட்டிலும் தன்னை அறியாமல் பத்து வைத்துவிட்டதா? அறுபது வைத்ததாக நினைவிருந்தது. ஆனால் நினைவை யார் நம்புவது? யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பின் எந்த வீட்டில் வேலை முடித்தாலும் மூன்று முறை திரும்பிப் போய்த் திரையைப் பார்ப்பாள். "என்னக்கா, பேட்டரிக்கு நாடி பிடிக்கிறீங்களா?" என்பார் வண்டி ஓட்டுபவர். சிரிப்பாள். கரண்ட் போகும்போது பேட்டரிக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். யார் வீடானாலும், அந்தச் சத்தத்துக்கு அவள் தலை தானாகப் படுக்கையறைப் பக்கம் திரும்பும். யாரோ மூச்சு விடுகிறார்களா என்று காது தேடும். தன் வீட்டு இருப்பை நூறாக்கிவிட்டாள். கரண்ட் போனால் நிரம்பிய பேட்டரியின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பாள்.

மகள் ஊர் ஊராக மாறினாள். வீட்டுக்கு மட்டும் வரவில்லை, அப்பாவின் காரியத்துக்குக்கூட. "அடுத்த மாசம் வரேம்மா," என்பாள். ஒவ்வொரு முறையும் ஃபோனை வைக்கும்முன் எதையோ சொல்ல வந்து, "சாப்பிட்டியா?" என்று முடிப்பாள்.

ஆறு வருடம் போனது. ஒரு ஞாயிறு மதியம், எண்பதாவது முறையாக "எப்ப வர?" என்று கேட்ட அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, "உங்கப்பாவை நான்தான்டி கொன்னுட்டேன். கை தவறிப் பத்து வச்சிட்டேன்," என்றாள்.

மறுமுனையில் தொடர்பு அறுந்தது.

மாலையில் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"அம்மா, நீ அறுபதுதான் வச்சிருந்த. கிளம்புற அன்னைக்கு நான்தான் அதைப் பத்தாக்கினேன். அப்பா கேட்டாரு. 'கரண்ட் போறப்பல்லாம் எனக்காக உங்கம்மா வேர்வையில வேகுறா, அவளுக்குக் கொஞ்சம் காத்து வரட்டும், அவகிட்ட சொல்லிடாதே'ன்னாரு. நான் வீட்டுக்கு வரலாமா?"