கோப்பின் முதல் வரி

வளர்மதி மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல், பிறகு கட்டைவிரலை விட்டு ஒரு நெம்பு. தோல் முழுசாகக் கழன்று வந்தது. வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டும் அவள் நிமிரவில்லை. மிளகு உலர்த்தும் மிஷின் கம்பெனியிலிருந்து யுவராஜ் என்று ஒருவர் வருகிறார் என்று அவள் கணவன் குழந்தைவேலு காலையிலேயே சொல்லியிருந்தான். விவசாயிகள் சங்கத்துக்கு அவன்தான் மேனேஜர். யுவராஜ் என்ற பெயரைக் கேட்டதும் அவள் போய்க் கிழங்கைப் பிடுங்கி வந்துவிட்டாள். வெறுங்கையோடு அந்த ஆளின் முன்னால் உட்கார அவளுக்கு இஷ்டமில்லை.

மலைமேல் இருக்கும் இந்த வளப்பூர் நாட்டிலிருந்து இன்ஜினியரிங் படிக்கப் போய், சேலத்தில் அதே கம்பெனியில் மிஷின்களுக்கு புரோகிராம் எழுதியவள் அவள். எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் எழுதிய கோப்பு எந்த வேலையும் செய்யாது. எதற்கு என்ன பெயர், எவ்வளவு அளவு என்று சொல்லி வைப்பதோடு சரி. உண்மை என்றால் ஒன்று, பொய் என்றால் பூஜ்யம். சூட்டின் உச்சவரம்பு இவ்வளவு. இது எட்டு பிட் எண், இது பதினாறு பிட். இதில் கழித்தல் எண் அடங்கும், இதில் அடங்காது. படி எவ்வளவு, உழக்கு எவ்வளவு என்று முடிவு செய்த பிறகுதானே அளக்க உட்கார முடியும்? மற்ற கோப்புகள் எல்லாம் இதைச் சேர்த்துக்கொண்டுதான் ஆரம்பிக்கும். முதல் வரியில் எழுதியவர் பெயர்: வளர்மதி.

யுவராஜ் டீம் லீடராக வந்த புதிதில் அந்தக் கோப்பை மீட்டிங்கில் திரையில் போட்டுக் காட்டினான். "பாருங்க, மலையில இருந்து வந்தவங்க அஞ்சறைப் பெட்டியில ஒவ்வொண்ணுக்கும் பேர் ஒட்டி வெச்சிருக்காங்க. சீரகம், கடுகு, வெந்தயம்!" அறையே சிரித்தது. கழித்தல் எண்ணும் அடங்கும் என்று சொல்ல அவள் போட்டிருந்த 'சைண்டு' என்ற சொல்லை அத்தனை பேர் முன்னாலும் அழித்தான். "ஏம்மா, இது இல்லாமலே ஓடுது பார். எதுக்கும்மா தண்டத்துக்கு?" அப்போதிருந்த சிப்பில் அது இல்லாமலும் ஓடியது, உண்மைதான். அடுத்த வாரம் பார்த்தால் முதல் வரியில் அவன் பெயர் இருந்தது. அடுத்த வருடம் அவளுக்கு வேலை இல்லை.

மூன்று வருடம் கழித்து அந்த மிஷின் புதிய சிப்போடு மலையேறி வந்தது. பனி பிடித்த மாதத்தில் களத்தில் மிளகு காயாது என்பதால் சங்கம் ஆசையாக வாங்கியது. முதல் நாளே பக்கத்துத் தோட்டத்துக் கண்ணாயியின் மிளகு மொத்தமும் கரியாகிவிட்டது. ரிப்பேருக்கென்று கம்பெனி கொடுத்திருந்த பென் டிரைவை வளர்மதி தன் லேப்டாப்பில் செருகித் திறந்தாள். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. வைக்கச் சொன்ன சூட்டைவிட மிஷின் மூன்று டிகிரி கூடினால், வித்தியாசம் கழித்தல் மூன்று. புதிய சிப்பில், அந்தச் சொல் இல்லாவிட்டால், கழித்தல் எண்ணுக்கு இடமில்லை. பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டிய எண் உச்சியிலிருந்து சுற்றி வந்து இருநூற்று ஐம்பத்து மூன்றாகிவிடும். இன்னும் அவ்வளவு டிகிரி சூடு குறைகிறது என்று மிஷின் எரித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு சொல்லைத் திரும்பப் போட்டாள். சங்கத்து மிஷின் சரியாகிவிட்டது. கம்பெனிக்கு அவள் சொல்லவில்லை. எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

"மேடம், நல்லா இருக்கீங்களா?" யுவராஜ் உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். தலை நரைத்திருந்தது.

"மேடமா? 'ஏம்மா'ங்கிறதுதானுங்களே பழக்கம்?"

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "மலைக்குக் கீழ மஞ்சள் காயவெக்கக் குடுத்த மிஷின் எல்லாம் கருக்குது. உங்க மிஷின் மட்டும்தான் ஒழுங்கா ஓடுது. நீங்க கைவெச்சதா சங்கத்துல சொன்னாங்க. என்ன மாத்துனீங்க?"

"அஞ்சறைப் பெட்டியில பேர் ஒட்டுனேனுங்க."

குழந்தைவேலு தொண்டையைச் செருமினான். யுவராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "நான் பேசுனது தப்புதான். மறுபடி வேலைக்கு வேணும்னா எம்.டி.கிட்டச் சொல்றேன்."

"வேலை வேண்டாமுங்க. இப்பவே எம்.டி.க்கு போன் போடுங்க. அந்த ஃபைல எழுதுனது யாரு, அதுல கைவெச்சது யாருன்னு என் காதுல விழற மாதிரி சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

அவன் போனை ஸ்பீக்கரில் போட்டான். வளர்மதி கத்தியைக் கீழே வைத்தாள். இந்த நிமிஷத்தை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள்.

"சார், மலையிலதான் இருக்கேன். நம்ம பழைய ஸ்டாஃப் ஒருத்தங்க சின்னதா ஒரு ஹெல்ப் பண்றாங்க…"

"யாருய்யா?"

"உங்களுக்கு ஞாபகம் இருக்காது சார். ஆங்… கேக்கலை சார்… சிக்னல் இல்லை." அவனே கட் செய்தான். "டவர் கிடைக்கலைங்க. ரோட்டுப் பக்கம் போய்ப் போட்டுட்டு வாரேன்" என்று அவசரமாக வெளியேறினான்.

"பாத்தீங்களா?" என்றாள் வளர்மதி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. "சாகற நேரத்துலயும் என் பேரு வாயில வரல பாருங்க. போகட்டும். வேலை போய், நாலு கம்பெனி வாசல்ல நிக்கட்டும். அப்பத் தெரியும்."

"அவன் கெடக்கறான் வுடு" என்றான் குழந்தைவேலு. "அவனுக்கு நீ என்ன செஞ்சாலும் நான் கேக்கப்போறதில்ல."

"அப்புறமென்னங்க?"

"கண்ணாயி அக்கா கருகுன மிளக அள்ளிட்டு நின்னுச்சே, நீயும்தான் பாத்த. கீழயும் அப்பிடித்தான ஒவ்வொரு ஊட்டுலயும் மஞ்சள அள்ளிட்டு நிப்பாங்க? நாம சங்கத்துல இருந்து சொன்னாலும் முடிஞ்சிரும். அவன் எதுக்கு நடுவுல?"

"நானே சொல்லிட்டா மறுபடி அவன் பேருதான் மேல வரும்."

"வரும். வந்துட்டுப் போகட்டும். அந்த மஞ்சக்காரங்க உன்னை என்ன பண்ணாங்க புள்ள?"

வளர்மதி அடுத்த கிழங்கை எடுத்தாள். கீறல் ஆழமாக இறங்கி, தோலோடு சதையும் வந்தது. அவள் கிழங்கிலிருந்து நிமிரப்போவதில்லை என்று குழந்தைவேலுவுக்குப் புரிந்தது. பிறகு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, நிலைப்படிக்குத் தலையைக் குனிந்து, வெளியே போனான்.