சவுந்தரநாயகம் லோயர் பிடித்த கதை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் சவுந்தரநாயகம். வயது எழுபத்திரண்டு. துறைமுகத்தில் கப்பல் திருத்தும் கம்பனியொன்றில் முப்பது வருடம் பாய்லர் குழாய்களுக்கு அஸ்பெஸ்டஸ் சுற்றியவர். மனைவி ஐறீன் செத்து ஆறு வருடம். பிள்ளைகள் இல்லை. ஒரு ஆளுக்குச் சோறு ஆக்குவதைப் போல அலுப்பு உலகத்தில் வேறு இல்லை என்பார். அதனால் பாதி நாள் பாணும் தேத்தண்ணியும்தான்.

இந்த வருடம் டொக்டர் சொல்லிவிட்டார்: நுரையீரல் இறுகியதற்கு அந்தத் தூசிதான் காரணம், கம்பனியிடம் நட்டஈடு கேட்கலாம். மனிதருக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. வழக்குப் பேச நல்ல லோயர் வேண்டும். ஊர் வம்பையெல்லாம் தலையில் போட்டுக்கொள்ளும் பிறெடியாகிய நான் கூடப் போனேன்.

முதலில் கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் ஒருவர். இரண்டு மணித்தியாலம் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிடம் கதைத்தார், அதில் மூன்று போனில். பைலைத் திறக்காமலே, "வெல்லலாம் அய்யா, பயப்பிடாதேங்கோ" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு வெள்ளவத்தையில் ஸீனத் என்ற பெண் லோயர். மின்விசிறியைச் சவுந்தரநாயகத்தின் பக்கம் திருப்பிவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எந்தெந்தக் கப்பல், எந்த ஆண்டு, முகமூடி தந்தார்களா. இவர்தான் ஆள் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

"வேலை உடுப்பை யாரு அங்கிள் கழுவின?"

"மிசிஸ்தான். பின்னேரம் நான் வந்தவுடன பைப்படியில உதறிப்போட்டுத் தோய்ப்பா."

"அவங்க இப்ப?"

"இல்லை. மூச்சு இழுத்து இழுத்துத்தான் போனவ. வீசிங் எண்டு சொன்னாங்கள்."

ஸீனத் பேனையை வைத்தார். "அந்தத் தூசி உடுப்போட வீட்டுக்கும் வரும் அங்கிள். நிச்சயமாச் சொல்ல ஏலாது. அவங்கட எக்ஸ்ரே, ரிப்போர்ட் இருந்தாக் கொண்டு வாங்க. அவங்களுக்கும் சேர்த்துக் கேட்கலாம்."

பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினோம். இறங்கியதும், "தம்பி, புதுக்கடை லோயரே எனக்குக் காணும், அவரே பேசட்டும்" என்றார்.

"உங்களுக்கென்ன விசரா? அந்த ஆள் பைலையே திறக்கேல்லை!"

"ஓம், அதாலதான் அவர்." மதிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "ஐறீன்ட ரிப்போர்ட் எல்லாம் அலுமாரியில கிடக்கு. இந்தப் பிள்ளை அதைப் பார்த்தா, நான் அந்தத் தூசியைக் கொண்டுவந்து குடுத்துத்தான் அவள் செத்தவள் எண்டு எழுத்தில வந்திடும். பிறகு அந்த வீட்டில நான் தனிய எப்பிடியடா இருக்கிறது?"

எனக்கு அழுகை வந்தது. கம்பனி செய்தது, நீங்கள் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

திங்கட்கிழமை புதுக்கடைக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். என்னைக் கூப்பிடவில்லை.