குடைப் புத்தகத்தைப் பரிந்துரைத்தது பாக்கியம் அக்கா அல்ல

செய்தி வந்தபோது ஹட்டனில் டியூசன் முடித்துவிட்டு பொகவந்தலாவை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் கம்பி, மறு கையில் ஃபோன். எங்கள் வாசகர் வட்டத்தின் வட்ஸ்அப் குழுவில் முருகேசு அண்ணன் எழுதியிருந்தார்: "பாக்கியம் அக்கா நம்மள விட்டுப் போயிட்டாங்க." நான் உடனே, "எந்த ஊருக்கு? லைப்ரரி புத்தகத்தையும் சேத்துக் கொண்டு போயிட்டாங்களா?" என்று எழுதி, கண்ணில் நீர் முட்டச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள் இரண்டையும் ஒட்டி அனுப்பினேன். யாரும் பதில் போடவில்லை. நோர்வூட் தாண்டும்போது அம்மா அழைத்தார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே செடியடியில் உட்கார்ந்தாராம். கூடையைத் தலையிலிருந்து இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தெட்டு. அந்த மஞ்சள் மூஞ்சிகளை அழிக்கப் பார்த்தேன். அதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டிருந்தார்கள்.

இவளெல்லாம் அஞ்சலி எழுதலாமா என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தகுதியால் எழுதவில்லை, கடமையால் எழுதுகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

அவரை அறியாதவர்களுக்காக: பாக்கியம் அக்கா எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் கொழுந்து பறித்தவர். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. டவுன் நூலகத்திலிருந்து நாவலும் வரலாறுமாகக் கொண்டுவந்து படித்து முடிப்பார். பிறகு மலையில் பறித்துக்கொண்டே பக்கத்து நிரைக்காரிகளுக்குச் சொல்வார். புத்தகங்களை அவர் அளந்ததும் நிரையால்தான், தேயிலைச் செடிகளின் வரிசையால். ஒரு நிரை பறித்து முடிவதற்குள் சொல்லி முடிந்துவிட்டால் அது ஒரு நிரைப் புத்தகம். குடும்பம் மூன்று தலைமுறைக்கு அடித்துக்கொள்ளும் நாவல் என்றால் நாலு நிரை தாங்கும். பாதிக் கதையில், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சத்தம் போட்டால், "செத்த இருங்க, இப்பத்தான் ராணி கோட்டையில இருந்து எறங்குறா" என்பாராம். ஒருநாள் கணக்கப்பிள்ளையே நின்று, ராணி இறங்கிவிட்டாளா என்று கேட்டுவிட்டுப் போனதாக அம்மா சொல்வார்.

'நல்ல புத்தகம்' என்று அவர் எதையும் சொன்னதில்லை. அது யாருக்கான புத்தகம் என்றுதான் சொல்வார். இது மாமியாரோடு ஒரே காம்பரா அறையில் இருப்பவர்களுக்கு, இது எதற்கும் கோபம் வராதவர்களுக்கு என்று. வரலாற்றுக்கும் அவரிடம் ஓர் அளவு இருந்தது: "படிச்சு முடிச்சதும் யார்கிட்டயாவது சண்டை போடணும்போல இருக்கணும். இல்லாட்டி அது பரீட்சைப் புத்தகம்."

அவரை எனக்குப் பழக்கமாக்கியது ஒரு குற்றம். எனக்குப் பதின்மூன்று வயது. அம்மாவிடம் அவர் கொடுத்திருந்த துப்பறியும் நாவலின் முதல் பக்கத்தில், 'கொலை செய்தது டாக்டர்' என்று பென்சிலால் எழுதி வைத்தேன். டாக்டர் பாவம், அப்பழுக்கில்லாதவர். அடுத்த வாரம் அக்கா எங்கள் லயத்து வீட்டுக்கே வந்து என்னைக் கூப்பிட்டார். நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்தேன்.

"வெளிய வா. டாக்டர்னு எழுதினது நீதானே?"

"இல்ல."

"நீ சொன்ன முடிவு புத்தகத்துல உள்ள முடிவ விட நல்லாருக்கு. ஞாயித்துக்கிழம மூணு மணிக்கு கோயில் மண்டபத்துக்கு வா. வரும்போது ஒரு அழிறப்பர் கொண்டு வா."

அப்படித்தான் வாசகர் வட்டத்தில் சேர்ந்தேன். பெயர்தான் வட்டம், உட்காருவது சதுரம், ஏனென்றால் வாங்குப் பலகைகள் நான்கு. ஏழு பேர், ஐந்து கண்ணாடிகள். அண்மையில் படித்த ஒரு புத்தகத்தை ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விதி. அக்காவுக்கு மட்டும் கூடுதலாகச் சொந்த விதி ஒன்று இருந்தது. தான் கடைசிப் பக்கம்வரை படிக்காத புத்தகத்தை அவர் யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

அந்த விதியை அவர் ஒரே ஒரு முறை மீறினார். என்னால்.

போன வருடம் ஒரு ஞாயிறு. அந்த வாரம் நான் படித்திருந்தது ஆறு பக்கம். அட்டையில் ஒரு தொப்பைக்காரர் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மழையில் நிற்பார், அதற்காகவே எடுத்த நாவல். நான் பெரிய படிப்பாளி இல்லை, நல்ல நடிப்பாளி. முருகேசு அண்ணனின் குடையை வாங்கித் தலைகீழாகப் பிடித்து அந்த ஆறு பக்கத்தையும் நடித்துக் காட்டினேன். மீதியை நானே இட்டுக்கட்டினேன். மண்டபமே குலுங்கியது. ஐயர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

அக்கா மட்டும் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "கடைசி வரைக்கும் இப்பிடித்தானா?"

"கடைசி வரி வரைக்கும்."

"எனக்காகக் கேக்கல. சரோஜாவுக்காகக் கேக்குறேன்."

சரோஜா அத்தை கீழ் டிவிசன். கொழும்பில் கடையில் வேலை செய்த அவருடைய ஒரே மகன், நான்கு மாதங்களுக்கு முன் ரோட்டில் அடிபட்டு இறந்திருந்தான். மலைக்கு வருவார், பறிப்பார், போவார். யாரோடும் பேச்சில்லை. அவரைக் கொஞ்சமாவது சிரிக்க வைக்கும் ஒரு புத்தகத்தை அக்கா தேடிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மண்டபம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. சத்தியமாக முழுக்கச் சிரிப்புதான் என்றேன். அக்கா அன்று மாலையே புத்தகத்தோடு கீழே இறங்கினார்.

பதினோராவது அத்தியாயத்தில் அந்தத் தொப்பைக்காரரின் மகன் பட்டணத்து வேலைக்குப் போகிறான். பன்னிரண்டாவதில் பெட்டியில் திரும்பி வருகிறான்.

புதன்கிழமை, கொழுந்து நிறுக்கும் இடத்தில், இரண்டு டிவிசன் பெண்களும் வரிசையில் நிற்கும்போது சரோஜா அத்தை புத்தகத்தை அக்காவின் காலடியில் வீசினார். "எம் புள்ளைய ரெண்டாவது தடவ பொதைக்க வச்சிட்டியே" என்று சொன்னாராம். அக்கா குனிந்து புத்தகத்தை எடுத்து, சேலையில் துடைத்து, "படிக்காம குடுத்துட்டேன் சரோஜா. தப்பு என்னுது" என்றாராம். என் பெயரை இழுக்கவில்லை. அம்மா வீட்டில் இதைச் சொல்லும்போது என் வாயில் ரொட்டி இருந்தது. அதைக் கையில் துப்பிக் கோழிகளுக்குப் போட்டேன்.

பிறகு, முன்புபோல அக்காவின் நிரைக்குப் பக்கத்து நிரை கேட்டு யாரும் சண்டை போடவில்லை. புத்தகம் கொடுத்து அழவைக்கிறவர் என்று ஒரு பேச்சு இரண்டு டிவிசனிலும் ஓடியது. வட்டத்தில் ஏழு பேர் நான்கு பேரானோம்.

மூன்றாவது வாரம் தாங்க முடியாமல் அவர் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன்பே, "நீ படிக்கலன்னு தெரியும். அந்தப் பன்னிரண்டாவதப் படிச்சவ அப்பிடி நடிச்சிருக்க மாட்டா" என்றார். அப்படியானால் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உம் பேரச் சொல்லியிருந்தா நீ புத்தகத்துப் பக்கமே தல வச்சிப் படுக்க மாட்ட. எம் பேருக்கு என்ன, பழைய பேரு. தாங்கும்." பிறகு, "சரோஜாகிட்ட நீயா ஒருநாள் சொல்லு. நான் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்" என்றார்.

சொன்னபடியே அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. எட்டு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் மற்றவர்களிடம் கேட்பதுபோலவே, "நீ என்ன படிச்ச?" என்று என்னிடமும் கேட்டார். நான் சொன்னதை நம்பினார். திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன், நம்பிக்கையிடமிருந்து எப்படித் தப்புவது? அவர் தந்த, நம்மவர்கள் இந்தியாவிலிருந்து வந்திறங்கி, கரையிலிருந்து மலைக்கு நடந்து வந்த பாதையைப் பற்றிய தடித்த வரலாற்று நூல்தான் நான் முதலில் முழுதாகப் படித்த புத்தகம். "இதுல அட்டையில படமே இல்ல, நீ ஏமாற வழியில்ல" என்று சொல்லிக் கொடுத்தார். படித்து முடித்ததும் யாரோடாவது சண்டை போட வேண்டும்போல இருந்தது. அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மிகவும் சந்தோஷப்பட்டார்.

அடக்கத்தன்று சரோஜா அத்தையும் வந்திருந்தார். தூரத்தில், தேயிலைக்குள் நின்றார். அன்று எனக்குத் தைரியம் வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கீழ் டிவிசனுக்கு இறங்கிப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். நான் குடித்து முடித்ததும் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

"மொத ஆறு பக்கத்துக்கு நான் சிரிச்சிட்டேன் ரேணு" என்றார். "அடக்கமாட்டாமச் சிரிச்சேன். புள்ள செத்து நாலு மாசத்துல சிரிச்சிட்டேன்னு எம்மேலயே அருவருப்பா வந்திச்சி. அப்புறம் அந்தப் பையன் பெட்டியில வந்தான். அந்தக் கோவத்தத்தான் கொண்டுபோய் அவ கால்ல போட்டேன். புத்தகத்த முழுசாப் படிச்சிட்டுத்தான் போட்டேன்."

"முழுசாவா?"

"கடைசியில அந்தப் பையனோட ஆத்தா, மகன் வேல செஞ்ச எடத்தப் பாக்கப் போறா. நானும் போகணும்னு நெனச்சிக்கிட்டே இருக்கேன். பாக்கியத்துக்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். ஏசின வாயால எப்பிடிச் சொல்றது." என்னைப் பார்த்தார். "நீ இன்னமும் அதப் படிக்கல, இல்லையா?"

இல்லை என்றேன்.

"போய்ப் படி. படிச்சிட்டு வா. அப்புறம் ஏசுறேன்."

படித்தேன். போனேன். நன்றாக ஏசினார், ஒரு மணித்தியாலம் இருக்கும். இதையெல்லாம் எழுதவா என்று கேட்டதற்கு, தான் சொன்னதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

ஆகவே இரண்டு டிவிசன்களிலும் உள்ளவர்களுக்கு எழுதுகிறேன். படிக்காமல் பரிந்துரைத்தது நான். பொய்ச் சத்தியம் செய்தது நான். பாக்கியம் அக்கா என்னை நம்பினார், அது ஒன்றுதான் அவர் செய்தது. அந்த நாவலை இப்போது முழுதாகப் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அது பிள்ளையைத் தூர ஊருக்கு அனுப்பியிருக்கும் எல்லாருக்குமான புத்தகம். தனியாக இருக்கும்போது படிக்க வேண்டாம். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு படியுங்கள்.

கடைசியாக ஒன்று. நான் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் பார்க்கவில்லை, அம்மா சொன்னது. நேற்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் சரோஜா அத்தையின் முறை வந்ததாம். கூடையைத் தராசில் வைக்காமல் வரிசையைப் பார்த்துத் திரும்பி, "பாக்கியம் எனக்குக் குடுத்தது நல்ல புத்தகந்தான். அவ இருக்கும்போது சொல்லாமப் போயிட்டேன்" என்றாராம். கணக்கப்பிள்ளை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாராம். பிறகு அத்தை கூடையைத் தூக்கித் தராசில் வைத்தாராம்.

அக்கா, உங்கள் பெயர் வீடு வந்து சேர்ந்துவிட்டது. நீங்கள் நிம்மதியாகப் போய் வாங்க.