மூன்றாவது பலகை

ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்க வேண்டும் என்று கணக்காகச் சொன்னவள் என் மகள். அதைக் கெடுத்தவன் நான்.

அவள் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். கெலமங்கலம் பக்கத்து ஏரி ஒன்றின் மேல்விளிம்பில் இருந்த ஈரப் புல்வெளிதான் அவளுடைய ஆய்வு. கோரைகளுக்கு நடுவே அழுகண்ணி என்ற பூச்சி தின்னும் செடி சிவப்புப் பொட்டுகளாகத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். அதன் பசையில் சிக்கிய எறும்பு மீளாது. அதற்கு வேர் நனைய வேண்டும், தலை முழுகக் கூடாது. தரை காய்ந்தால் பார்த்தீனியம் புகுந்துவிடும். ஏரி நிரம்பி வழியும் கலிங்கில் இரண்டு பலகை செருகினால் தண்ணீர் சரியாகப் புல்லின் காலடியில் நிற்கும் என்று குச்சி நட்டு அளந்து வைத்திருந்தாள். ஊர்க்காரர்களும் சம்மதித்திருந்தார்கள்.

2005 மழையில் ஏரி நிரம்பியது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. மயிரிழை கூடினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்புகிறவன். அப்படிப்பட்டவன், மழை விட்டதும் காய்ந்துபோகுமே என்ற பயத்தில், அவளைக் கேட்காமல் மூன்றாவது பலகையைச் செருகினேன்.

அடுத்த ஞாயிறு தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது. செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பழைய குழி ஒன்று அங்கே உண்டு. வழக்கமாக விளிம்பு தெரியும், அன்று தெரியவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தவள் சட்டென்று காணாமல் போனாள். நான் கரையில் நின்று கத்தினேன், கால் நகரவில்லை. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் ஓடிவந்து, மாட்டுக் கயிற்றை வீசி அவளை இழுத்துப் போட்டார்.



இனி ஏரிப் பக்கமே அவளை விடுவதில்லை என்றிருந்தேன். காய்ச்சலில் படுத்திருந்தவள் சொன்னாள்: “செடி இன்னும் ஒரு வாரம்தான் தாங்கும்ப்பா. நீங்க வெச்சதுதானே, நீங்களே எடுங்க.”

மறுநாள் கலிங்குக்குப் போனால் அங்கே அந்த அம்மா. ஏரிக்குக் கீழே அவருக்கு வயல்.

“கை வெக்காதீங்க சார். இந்தத் தண்ணி இருந்தாத்தான் நான் இன்னொரு போகம் நட முடியும்.”

“புல்லு செத்துடும்மா.”

“புல்லா? உங்க பொண்ண எடுத்துக் குடுத்தவ நானு. எனக்கே புல்லக் காட்டுறீங்களே!”

 நான் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் வயல் பக்கம் பார்த்துக் கேட்டேன்: “இத எடுத்தா தண்ணி வீணா ஓடையிலதான் போகும். அதுக்குப் பதிலா மதகைத் திறந்து உங்க வயலுக்கே விட்டுட்டா?”

“இப்பவா? நாத்தே விடலையே.”

“அறுத்த வயல் சும்மாத்தானே கெடக்கு? இப்பவே சேறாக்கி உழுது போட்டுட்டா, நடும்போது கொஞ்சத் தண்ணி போதுமே.”

“கம்பெனிக்காரரு எனக்கு உழவு சொல்லித் தர்றாரு, பாரு!” என்று மாட்டிடம் சொல்லிச் சிரித்தார். மதகு திறக்கிற ஆளைக் கூப்பிட்டு வந்ததும் அவரேதான்.

ஆறு நாள், ஷிஃப்டுக்கு முன்னால் போய்க் குச்சியைப் பார்த்தேன். ஆறாம் நாள் தண்ணீர் இரண்டாவது பலகைக்கு இறங்கியது. மதகை மூடச் சொல்லிவிட்டு மூன்றாவதை உருவினேன்.

“அத இங்க போடாதீங்க சார். மழை பேஞ்சா எனக்கே செருக ஆசை வரும்” என்றார் அந்த அம்மா. ஸ்கூட்டரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தாழ்வான இடத்தில் அழுகண்ணி கருத்துப் போயிருந்தது. மேட்டில் சிவப்பு மிச்சம் இருந்தது.

அடுத்த ஞாயிறு மகள் ஏரிக்குப் போக நோட்டுப் புத்தகத்தை எடுத்தபோது நான் தடுக்கவில்லை. விளிம்பு மறுபடி தெரிந்தாலும், முதலில் நானே இறங்கி, கழியால் தடவித் தடவி, குழியைச் சுற்றிக் கொம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன். பிறகு அவள் இடுப்பில் கயிறு கட்டினேன்.

“நான் என்ன கன்னுக்குட்டியாப்பா?”

“ஆமா. நட.”

குனிந்து செடிகளை எண்ணிக்கொண்டே போனாள். ஒவ்வொரு அடிக்கும் வேண்டிய அளவு மட்டும் கயிற்றை விட்டுக்கொண்டு நின்றேன்.